அத்தியாயம் 7: ‘பார்த்துக்கோங்க, சிஸ்டர்’

இருபது படுக்கை உள்ள மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இந்த வாசகம் காதில் விழுகிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். வார்டு ரவுண்ட்ஸ் பாதியில் நிற்கும். ஓ.பி.யில் நாற்பது பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தியேட்டரிலிருந்து அழைப்பு வந்திருக்கும். மூன்றாம் படுக்கைப் பெரியவரின் கால் புண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, நடந்துகொண்டே, “பார்த்துக்கோங்க, சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போவோம்.

டாக்டர் மனதில் இருந்தது கட்டு மாற்றுவது மட்டும். சிஸ்டர் புரிந்துகொண்டது, கட்டைப் பிரித்து, செத்த சதையை வெட்டி எடுத்து, சீழ் இருந்தால் ஊசி மருந்தையும் மாற்றிவிடுவது. பெரியவரின் மகன் புரிந்துகொண்டது, இனி டாக்டர் இந்தப் பக்கம் வரப்போவதில்லை. மூன்று பேரும் ஒரே வாசகத்தைத்தான் கேட்டார்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுக்காமல் எந்த மருத்துவமனையும் ஓடாது. ஊசி போடுவது, ட்ரிப் ஏற்றுவது, சிறுநீர்க் குழாய் வைப்பது, ஈ.சி.ஜி. எடுப்பது, ரத்தம் எடுப்பது எல்லாவற்றையும் டாக்டரே செய்தால் காலை ஓ.பி. மறுநாள் காலையில்தான் முடியும். ஆகவே கொடுக்கலாமா என்று கேட்பதில் பொருளில்லை. எதை, யாரிடம், எப்படிச் சொல்லி, யார் கண் பார்வையில் என்பதுதான் இந்த அத்தியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. பல சட்டங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஆனால் ஒரு வரியை மட்டும் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில், ‘உயர்தர சிகிச்சைக்கு உறுதி’ என்ற தலைப்பின் கீழ் அது இருக்கிறது. பதிவு பெறாத உதவியாளரை டாக்டர் தன் தொழிலில் வைத்துக்கொள்ளக் கூடாது, தொழில்முறை மதிப்பீடோ திறமையோ தேவைப்படும் இடத்தில் அப்படிப்பட்டவரை நோயாளியைக் கவனிக்கவோ, சிகிச்சை தரவோ, அறுவை செய்யவோ அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, சில வாரங்களிலேயே அவற்றை நிறுத்தி வைத்துப் பழைய 2002 விதிகளையே மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எனவே இந்த வரி தூசி படிந்த பழங்கதை இல்லை.

அதே விதிகள் இன்னொரு பக்கம் கதவைத் திறந்தும் வைக்கின்றன. தகுதியற்றவருக்கு நவீன மருத்துவத்தில் தேர்ச்சிச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது என்று தடுக்கும் இடத்திலேயே, மாணவர்கள், மருத்துவச்சிகள், மருந்து கலப்போர், அறுவை உதவியாளர்கள் போன்றோரை டாக்டர் தன் நேரடி மேற்பார்வையில் முறையாகப் பயிற்றுவிப்பதை இது தடுக்காது என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கோடு எங்கே இருக்கிறது என்பது தெரியும். கை செய்யும் வேலையைப் பழக்கி ஒப்படைக்கலாம். இந்த நோயாளிக்கு இது தேவையா என்ற முடிவை ஒப்படைக்க முடியாது. நான் இளம் டாக்டர்களிடம் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: இந்த வேலையின் நடுவில் யோசித்து வழி மாற்ற வேண்டிய கட்டம் வருமா? வருமென்றால் அந்தக் கட்டம் வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், அல்லது கூப்பிட்ட ஐந்து நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும்.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்ப்ரிங் மெடோஸ் வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. டைபாய்டு என்று சேர்க்கப்பட்ட சின்னக் குழந்தை. நரம்பு வழி ஊசியை டாக்டரே போட வேண்டிய இடத்தில் நர்ஸ் போட்டார். போட்டது டாக்டர் உத்தேசித்த மருந்தே அல்ல. போட்டவர் எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு பெற்றவரும் அல்ல. குழந்தையின் இதயம் நின்றது. உயிர் திரும்பியது, மூளை திரும்பவில்லை. குழந்தைக்கு 12.5 லட்சம் ரூபாயும், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சமும் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நர்ஸ், டாக்டர், மருத்துவமனை மூன்று தரப்பும் பொறுப்பாளிகள் ஆனார்கள். அந்தத் தீர்ப்பில் நமக்கான வரி இது: பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைப்பதே சில சூழ்நிலைகளில் கவனக்குறைவு ஆகலாம், கீழே இருப்பவரால் சரியாகச் செய்ய முடியாது என்று தெரிந்தே ஒப்படைக்கும் மூத்த மருத்துவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“நான் போடவே இல்லை சார், அவங்கதான் போட்டாங்க” என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை அந்த ஒரு தீர்ப்பே காட்டிவிட்டது. டியூட்டி டாக்டர் சம்பள ஆள் இல்லை, கான்ட்ராக்டில் வருபவர் என்ற வாதமும் நிற்காது. 2004-இல் சவிதா கார்க் வழக்கில் அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள்.

யாரிடம் கொடுக்கிறீர்கள்

நம்மூரில் ஒரு விசித்திரம் உண்டு. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் யாராக இருந்தாலும் சிஸ்டர்தான். நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவரும் சிஸ்டர், மூன்றாண்டு ஜி.என்.எம். முடித்தவரும் சிஸ்டர், இரண்டாண்டு ஏ.என்.எம். முடித்தவரும் சிஸ்டர். பிளஸ் டூ முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே மாடியில் ஆறு மாத ‘நர்சிங் அசிஸ்டன்ட்’ கோர்ஸ் படித்து வந்தவரும் சிஸ்டர். நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

செவிலியர் பதிவுக்கு 1926-ஆம் ஆண்டிலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. வேலைக்குச் சேர்க்கும்போது தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் அசலை வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். ஜெராக்ஸில் பெயரும் வருடமும் மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி போன்ற துறையினருக்கு 2021-இல் தனி ஆணையச் சட்டமே வந்துவிட்டது. அவர்களின் தகுதியையும் அதே கண்டிப்போடு பாருங்கள்.

சான்றிதழ் முதல் படிதான். பி.எஸ்ஸி. படித்தவர் எல்லாருக்கும் பச்சிளங்குழந்தையின் கையில் வென்ஃப்ளான் போட வந்துவிடாது. பத்து வருடம் பிரசவ வார்டில் நின்ற ஏ.என்.எம். பல ஹவுஸ் சர்ஜன்களைவிட நன்றாகக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார். அதனால் என் மருத்துவமனையில் ஒரு நீளமான நோட்டு வைத்திருந்தேன். அக்கவுன்ட்ஸுக்கு வாங்கும் அதே கோடு போட்ட நோட்டுதான். இடப்பக்கம் வேலைகள்: பெரியவருக்கு ஐ.வி. லைன், குழந்தைக்கு ஐ.வி. லைன், ரைல்ஸ் ட்யூப், ஆண்களுக்குச் சிறுநீர்க் குழாய், தையல் பிரித்தல், நெபுலைசர், ரத்தம் ஏற்றும்போது கண்காணித்தல். மேலே வரிசையாக ஸ்டாஃப் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ‘பார்த்தேன்’ என்று எழுதித் தேதியும் என் சுருக்கக் கையெழுத்தும். நான் பக்கத்தில் நின்று பார்க்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்பியதில்லை. ஒருவர் எத்தனை முறை செய்து காட்ட வேண்டும் என்பதற்குப் பொது எண் கிடையாது. ரத்தம் எடுக்க மூன்று முறை எனக்குப் போதும். சிறுநீர்க் குழாய்க்கு ஐந்தாறு முறையாவது கேட்பேன்.

கட்டம் காலியாக இருந்தால் அந்த வேலையை அந்த ஆளிடம் கொடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஆள் இல்லை என்ற காரணமும் செல்லாது.

எப்படிச் சொல்கிறீர்கள்

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படிப்பு முடித்து முதல் வேலை. ஊரும் மருத்துவமனையும் வேண்டாம். வயிற்றுப்போக்கோடு வந்த ஒரு அம்மாவுக்கு பொட்டாசியம் குறைந்திருந்தது. ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டில் எழுதாமல் வாயாலேயே சொன்னேன்: “சிஸ்டர், கே.சி.எல். ஒரு ஆம்பூல் போட்டுடுங்க.”

அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிட்டேன். புதிதாகச் சேர்ந்திருந்த அந்தப் பெண் சிரிஞ்சில் பத்து மில்லியையும் இழுத்து, ஐ.வி. லைன் மூடியைத் திறந்துவிட்டு, ஏதோ தயங்கித் திரும்பி, “சார், மெதுவாவா?” என்று கேட்டார்.

அந்த ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம் இருக்கிறது. கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் மெதுவாக ஏற்றினாலும் வேகமாக ஏற்றினாலும் இதயம் நின்றுவிடும். நான் சொன்ன வாக்கியத்தில் எதில் கலப்பது, எவ்வளவு நேரத்தில் ஏற்றுவது என்ற இரண்டும் இல்லை. அரை லிட்டர் சலைனில் கலந்து நான்கு மணி நேரத்தில் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது. அந்தப் பெண் கேட்டதால் அந்த அம்மா வீட்டுக்கு நடந்து போனார். கேட்காமல் போட்டிருந்தால் பழியை எல்லோரும் அவர் மீதுதான் போட்டிருப்பார்கள். நானும்கூடப் போட்டிருப்பேனோ என்று யோசிப்பதுண்டு.

அன்றிலிருந்து ஒப்படைக்கும் எந்த வேலையையும் எழுதித்தான் கொடுப்பேன். எழுதும்போது மருந்தின் பெயர், அளவு, எதில் கலப்பது, எந்த வழி, எவ்வளவு நேரம் என்பவற்றோடு கடைசியில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘இப்படி ஆனால் நிறுத்து, என்னைக் கூப்பிடு.’ இந்தக் கடைசி வரிதான் பெரும்பாலான கேஸ் ஷீட்டில் இருக்காது. ‘பி.பி. பார்க்கவும்’ என்று எழுதியிருப்பார்கள். பார்த்து? மேல் அளவு 90-க்குக் கீழே போனால் கூப்பிடு, 180-க்கு மேல் போனால் கூப்பிடு என்று எழுதாவிட்டால், இரவு முழுக்க டி.பி.ஆர். சார்ட்டில் 84, 82, 78 என்று அழகான கையெழுத்தில் பதிவாகியிருக்கும், யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற மூன்றெழுத்தையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். வலி வந்தால் கொடு என்பதில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வரை, எத்தனை மணி நேர இடைவெளியில் என்பது இல்லாவிட்டால் அது உத்தரவே இல்லை.

இன்சுலினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் புழங்குகிறது, 100 யூனிட் உள்ளதும் புழங்குகிறது. சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘10’ என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். நோயாளி விடியற்காலை வியர்த்துக் கொட்டி நினைவிழந்து கிடப்பார். மாற்றி எடுத்தால் 4 யூனிட்தான் போகும், சர்க்கரை இறங்கவே இறங்காது, நீங்கள் காலையில் டோஸை ஏற்றுவீர்கள். சிஸ்டர் இரண்டு முறையும் ‘10 யூனிட்’ என்றுதான் எழுதியிருப்பார், பொய்யும் சொல்லவில்லை. ஆகவே இன்சுலின் போடும் வேலையை ஒப்படைக்கும் முன் வார்டில் ஒரே வகைக் குப்பி, ஒரே வகை சிரிஞ்சு என்று முடிவெடுங்கள். நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் குப்பியை ஃப்ரிட்ஜின் தனித் தட்டில் வையுங்கள். பாதி விபத்து இந்த வாங்கும் கட்டத்திலேயே தடுக்கப்பட்டுவிடும்.

இதே காரணத்தால் கே.சி.எல். ஆம்பூலை வார்டு ட்ரேயில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பூட்டிய பெட்டியில், இரண்டு பேர் பார்த்து எடுக்கும்படி இருக்கட்டும்.

போனில் சொல்லும்போது

இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து உத்தரவு கொடுக்காத டாக்டர் இல்லை. செய்யலாம். ஆனால் சிஸ்டர் எழுதிக்கொண்டு, எழுதியதை உங்களுக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். மருந்துப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள், எண்ணைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள். ‘பதினைந்து’ என்பதும் ‘ஐம்பது’ என்பதும் ஆங்கிலத்தில் சொன்னால் போனில் ஒரே மாதிரி கேட்கும். “ஒன்று, ஐந்து” என்று சொன்னால் குழப்பமில்லை. மறுநாள் காலை கேஸ் ஷீட்டில் அந்த உத்தரவுக்குக் கீழே கையெழுத்து போடுங்கள். 24 மணி நேரத்துக்குள் என்று பல மருத்துவமனைகள் விதியே வைத்திருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வரும் ஈ.சி.ஜி. படத்தைப் பார்த்துக் கட்டைவிரல் காட்டும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. அது உத்தரவா, ‘பார்த்துவிட்டேன்’ என்ற செய்தியா என்று நாளைக்கு யாராலும் சொல்ல முடியாது.

2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே சுகாதாரப் பணியாளர் இருந்து உதவும் முறையை ஒப்புக்கொண்டிருக்கின்றன. கிராமத்தில் நர்ஸ் பக்கத்தில் இருந்து பரிசோதித்துச் சொல்ல, டாக்டர் திரையில் கேட்டு முடிவெடுக்கலாம். அங்கேயும் முடிவும் மருந்துச் சீட்டும் டாக்டருடையவைதான்.

நிலையான உத்தரவு

இதுவரை சொன்னதெல்லாம் கையைக் கட்டுவது போலத் தோன்றலாம். ஒரு விஷயத்தில் நேர் எதிராகச் சொல்லப்போகிறேன். ஊசி போட்ட இரண்டாவது நிமிடத்தில் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, பி.பி. விழுந்தால் சிஸ்டர் உங்களைத் தேடி ஓடக் கூடாது. அட்ரினலின் போட வேண்டும். பெரியவருக்கு ஒரு மில்லி ஆம்பூலில் பாதி, தொடையின் வெளிப்பக்க நடுவில், தசையில். படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஆக்ஸிஜன் வைத்து, பிறகு உங்களுக்கு போன். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை.

இதை முன்கூட்டியே அச்சடித்து, உங்கள் கையெழுத்தும் தேதியும் போட்டு, ஊசி போடும் அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இது அவர் தானாக எடுத்த முடிவு ஆகாது, நீங்கள் முன்னமே எடுத்துவைத்த முடிவு. எந்த அறிகுறி, எந்த மருந்து, எவ்வளவு, யார் போடலாம் என்று நான்கும் அதில் இருக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் என்ன கொடுப்பது, வலிப்பு வந்தால் முதலில் என்ன செய்வது என்பதற்கும் இப்படி ஒவ்வொரு தாள் தேவை. பெரிய பட்டியல் வேண்டாம். எங்கள் சுவரில் ஐந்துதான் இருந்தன. பதினைந்து ஒட்டினால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.

அரசுத் துறையில் இதற்குப் பழைய உதாரணமும் புதிய உதாரணமும் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு, கர்ப்பகால வலிப்பு போன்ற அவசரத்தில் துணைச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. டாக்டர் வரும்வரை காத்திருந்தால் தாய் இருக்க மாட்டாள் என்பதால் வந்த அனுமதி அது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார். அளவெடுப்பதும் மாத்திரை சேர்ப்பதும் அவர் வேலை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, மாற்றுவது டாக்டர் வேலை. உங்கள் மருத்துவமனையிலும் கோடு அதே இடத்தில்தான் இருக்க வேண்டும்.

கொடுக்கவே கூடாதவை

நோய் இன்னது என்று முடிவு செய்வது, சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது, அறுவை செய்வது, மயக்க மருந்து கொடுப்பது, இறப்புக்கான காரணச் சான்றில் கையெழுத்து போடுவது, காயச் சான்றிதழ் எழுதுவது எல்லாம் யாருக்கும் போகாது. தெரிந்த விஷயம்தான், ஆனால் நடைமுறையில் இவை கள்ளத்தனமாக நழுவும் வழிகள் உண்டு.

முதல் வழி, கையெழுத்து போட்டு வைத்த வெற்று மருந்துச் சீட்டு. வெளியூர் போகும்போது பத்துத் தாளில் கையெழுத்து போட்டு மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போகும் டாக்டர்களை எனக்குத் தெரியும். அந்தத் தாளில் பிறகு யார் என்ன எழுதினாலும் அது நீங்கள் எழுதியதுதான். இந்த ஒரு பழக்கத்துக்கு நான் எந்தச் சலுகையும் தரமாட்டேன்.

இரண்டாவது, ஒப்புதல். படிவத்தில் கையெழுத்து வாங்குவதை சிஸ்டர் செய்யலாம், விளக்கிச் சொல்வதை அவரிடம் தள்ளக் கூடாது. என்ன செய்யப் போகிறோம், எதற்காக, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று நோயாளி அறிந்திருக்க வேண்டும் என 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்னது. அந்த வழக்கில் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுக்க, உதவி டாக்டர் தியேட்டருக்கு வெளியே வந்து அந்தப் பெண்ணின் தாயிடம் கையெழுத்து வாங்கினார். நோயாளி வயது வந்தவர், உயிருக்கு அவசரமும் இல்லை, தாயின் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம். வேலையைக் கைமாற்றும்போது பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் கைமாறி, கடைசியில் யாருமே கேட்காத கேள்வியாகிவிடுகிறது.

மூன்றாவது, ஸ்கேன். கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்வதைத் தகுதி பெற்ற டாக்டர் தவிர யாரும் செய்யக் கூடாது. டாக்டர் பக்கத்து அறையில் இருக்கிறார் என்பது போதாது. படிவம் ‘எஃப்’ நிரப்புவதை ரிசப்ஷன் பெண்ணிடம் விடுபவர்கள் ஏராளம். அதில் விடுபடும் விவரங்களை வெறும் எழுத்துப் பிழையாகக் கொள்ள முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதியது ரிசப்ஷன் பெண், மாட்டிக்கொள்வது நீங்கள்.

எக்ஸ்ரே அறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் தகுதியுள்ள ஆபரேட்டரும் வேண்டும் என்பதோடு அதை விட்டுவிடலாம். மருந்தைப் பொறுத்தவரை 1948 பார்மசி சட்டம், டாக்டரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் வேலையைப் பதிவு பெற்ற பார்மசிஸ்டுக்கே ஒதுக்கியிருக்கிறது. டாக்டர் தன் சொந்த நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்க விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்களுக்குத்தான், உங்கள் கவுன்டரில் நிற்கும் பையனுக்கு இல்லை. (பழைய காலக் கம்பவுண்டர்கள் சிவப்பு மிக்ஸ்சர் கலக்கிய திறமை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் காலம் முடிந்துவிட்டது.)

இரவு டியூட்டி டாக்டர்

இது சங்கடமான பகுதி. எம்.பி.பி.எஸ். படித்தவர் இரவுக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று ஹோமியோபதி படித்தவரை இரவு டியூட்டிக்கு வைப்பது பல ஊர்களில் சகஜம். அவர் அலோபதி மருந்து எழுதினால் அதுவே கவனக்குறைவு, தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று 1996-இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த நோயாளி காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற வந்து இறந்தவர். சித்தா, ஆயுர்வேதம் படித்தவர்களைப் பொறுத்தவரை மாநில அரசின் ஆணையைச் சார்ந்தது என்று 1998 முக்தியார் சந்த் தீர்ப்பு சொல்கிறது, அதன் மீது வாதங்கள் நீளும். வாதம் நீளும் இடத்தில் உங்கள் இரவு வார்டை வைக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. ஆள் இல்லையென்றால் படுக்கையைக் குறையுங்கள். நான் இருபதைப் பன்னிரண்டாகக் குறைத்துவிட்டு ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன். கடன் கூடியது, தூக்கம் கெடவில்லை.

‘எனக்கு வராது சார்’

ஒப்படைக்கப்பட்டவர் மறுக்கலாம். மறுக்க முடியாத இடத்தில் ஒப்படைப்பு என்ற பேச்சே இல்லை, அங்கே நடப்பது ஏவல். வராத வேலையை வரும் என்று சொல்லிச் செய்பவரைவிட, முகம் சிவந்து “எனக்கு வராது சார்” என்று நிற்பவர் உங்கள் மருத்துவமனைக்குச் சொத்து. ஆனால் அவரைப் பத்து பேர் முன்னால் “இதுகூடத் தெரியாதா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு உங்கள் மருத்துவமனையில் யாருக்கும் எதுவும் ‘வராமல்’ இருக்காது. எல்லாம் வரும். நீங்கள் பயப்பட வேண்டிய நாள் அதுதான்.

மறுப்பைக் குறித்துக்கொள்ளும் இடமும் அந்த நோட்டுதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்டாஃப் எல்லாரையும் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கட்டம் கட்டமாகப் படிப்போம். பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர், நெடுநாள் ஒரு வேலையைச் செய்யாமல் இருந்தவர் பெயர்களில் பழைய தேதியை அடித்துவிட்டு மறுபடி செய்து காட்டச் சொல்வேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, முதல் இரண்டு கூட்டங்களைத் தவிர.

ஒரு கூட்டத்தில் எங்கள் மூத்த சிஸ்டர், ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு முதல் ஊசி போட்டவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், கைக்குழந்தைக்கு வென்ஃப்ளான் போடற கட்டத்துல என் பேரை எடுத்துடுங்க. கண்ணாடி மாத்தியும் நரம்பு சரியாத் தெரியல.”

நோட்டைத் திருப்பினேன். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்தோடு பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அன்றைய தேதியை எழுதி, அவரிடமே பேனாவைக் கொடுத்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து போட்டுவிட்டு, அடுத்த வரியில் யார் பெயர் வரப்போகிறது என்று கேட்டார்.